வேட்பாளரின் பில்லை அரசு கட்டலாமா?

2024 மக்களவைத் தேர்தலில் 8,360 பேர் போட்டியிட்டார்கள். அதில் 7,190 பேருக்கு டெபாசிட் போனது. செல்லுபடியான வாக்குகளில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டியவர்கள் நாடு முழுக்க 1,170 பேர்தான். தொகுதிக்கு இரண்டு பேர், சில இடங்களில் மூன்று. சுயேச்சைகளின் கதை இன்னும் மோசம்: 3,921 பேரில் 3,905 பேர் டெபாசிட்டை இழந்தார்கள். தேர்தல் செலவை அரசு ஏற்கலாமா என்ற பேச்சு எங்கிருந்து தொடங்கினாலும், கடைசியில் இந்த எண்களில் வந்துதான் முட்டிக்கொள்ளும்.

பேச்சு பழையது. 1998-ல், இதை ஆராய அமைக்கப்பட்ட இந்திரஜித் குப்தா குழு ‘ஏற்கலாம், ஆனால் ஓரளவுக்கு, அதுவும் பொருளாக மட்டும்’ என்றது. 1999-ல் சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில், முதலில் கட்சிகளை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றது. 2015-ல் அதே ஆணையம் 255-வது அறிக்கையில், முழுச் செலவையும் அரசு ஏற்பது இப்போதைக்குச் சாத்தியமில்லை என்று முடித்துக்கொண்டது. அரசு கொடுப்பதற்கு மேல் வேட்பாளர் செலவழிப்பதைத் தடுக்க வழியில்லாதவரை கொடுத்துப் பயனில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் நிலை. 2024 பிப்ரவரி 15 அன்று, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் நிறுவனங்களும் கட்சிகளுக்குப் பணம் கொடுக்க வழியாக இருந்த தேர்தல் பத்திரங்களை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. அதற்குள் 16,518 கோடி ரூபாய்க்குப் பத்திரம் விற்றாகிவிட்டது. ‘பெருநிறுவனம் கொடுக்கக்கூடாது என்றால் பிறகு யார்தான் கொடுப்பது?’ என்ற கேள்வி அன்றோடு மறுபடி எழுந்தது.

கேள்வியை ‘ஆமாவா இல்லையா’ என்று போட்டால் நாள் முழுக்கப் பேசலாம். எந்த வடிவத்தில் என்று கேட்டால்தான் யாருக்கு லாபம், யாருக்கு நாமம் என்று தெரியும். அதனால் ஒரு மக்களவைத் தேர்தலுக்குச் சுமார் 650 கோடி ரூபாய் ஒதுக்க அரசு தயார் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியிலும் அந்தப் பணம் யார் கைக்குப் போகும் என்று பார்ப்போம். 650 என்பதை நான் வானத்திலிருந்து பிடித்துவரவில்லை. கணக்கு வரும்போது தெரியும். இது பெரிய தொகை என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு. எம்.பி.யின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 5 கோடி. 650 கோடியை 543 தொகுதிகளால் வகுத்தால் தொகுதிக்கு ஏறக்குறைய 1.2 கோடி, அதாவது அந்த நிதியில் மூன்று மாதப் பங்கு. அதுவும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை.

செலவழித்தவருக்குத் திருப்பித் தருவது

உலகத்தில் பரவலாக இருக்கும் வழிகளில் இது ஒன்று. வேட்பாளர் செலவு செய்கிறார், கணக்குக் கொடுக்கிறார், தணிக்கை முடிந்ததும் ஒரு பங்கு அரசிடமிருந்து திரும்பி வருகிறது. கனடாவில் இதற்கான சட்டம் வந்தது 1974-ல். அங்கே தொகுதியில் 10 சதவீத வாக்கு வாங்கிய வேட்பாளருக்குத் தேர்தல் செலவில் 60 சதவீதம் திரும்பக் கிடைக்கும். பணம் எல்லாம் வேட்பாளரின் அதிகாரபூர்வ முகவர் வழியாகத்தான் வர வேண்டும், போக வேண்டும். தணிக்கையாளர் கட்டாயம். முன்பு 15 சதவீத வாக்கு வேண்டியிருந்தது. 2003-ல் செய்த திருத்தம் அதை 10 ஆக்கியது. தென்கொரியா இன்னும் தாராளம். 15 சதவீதம் வாங்கினால், உச்சவரம்புக்கு உட்பட்ட சட்டப்படியான செலவு முழுக்கத் திரும்பி வரும். 10 முதல் 15 வரை என்றால் பாதி. சட்டத்தில் சொன்னதைத் தவிர வேறு தேர்தல் செலவைக் கட்சிகள் மீதோ வேட்பாளர் மீதோ சுமத்தக்கூடாது என்று அவர்களுடைய அரசியலமைப்பின் 116-வது பிரிவே சொல்கிறது. பிரான்சில் 5 சதவீதத்தைத் தாண்டினால், செலவு உச்சவரம்பில் 47.5 சதவீதம் வரை கிடைக்கும்.

இதை இங்கே பொருத்திப் பார்ப்போம். பெரிய மாநிலங்களில் மக்களவை வேட்பாளருக்கு 2022 முதல் உச்சவரம்பு 95 லட்சம். கனடா விகிதப்படி 60 சதவீதம் என்றால் 57 லட்சம். டெபாசிட் வாங்கியவர்களுக்கு மட்டும் என்று வைத்தால் 1,170 பேர். எல்லோரும் உச்சவரம்பு வரை செலவழித்தாலும் 667 கோடிக்கு மேல் போகாது. 650 வந்த கதை இதுதான்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது பணம் இல்லை, பில்தான். இன்று வேட்பாளரின் கணக்கு எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் காரணம் புரியும். தேர்தல் ஆணையம் கொடுக்கும் செலவுப் பதிவேட்டில் மூன்று பகுதி: அன்றாடக் கணக்குக்கு வெள்ளைத் தாள், ரொக்கத்துக்கு இளஞ்சிவப்பு, வங்கிக் கணக்குக்கு மஞ்சள். மனுத்தாக்கலுக்கு முன்பே தேர்தல் செலவுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கியிருக்க வேண்டும். ஒரே ஆளுக்கோ கடைக்கோ 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக்கூடாது. டீ என்ன விலை, பிரியாணி என்ன விலை, சால்வை, பட்டாசு, மைக் செட், நாற்காலி, வண்டி வாடகை என்ன விலை என்று மாவட்டத் தேர்தல் அலுவலர் ஒரு பட்டியல் போட்டுவிடுவார். கூட்டத்தை வீடியோ எடுக்கிற குழு ஒன்று, அந்த வீடியோவைப் பார்த்து நாற்காலி எண்ணுகிற குழு ஒன்று. அவர்கள் எண்ணியது, வேட்பாளரின் ஏட்டோடு ஒப்பிட அதிகாரிகள் தனியாக எழுதும் நிழல் பதிவேட்டில் ஏறும். பிரச்சாரக் காலத்தில் மூன்று முறையாவது செலவினப் பார்வையாளர் முன்னால் இரண்டு பதிவேடுகளையும் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே நடக்கிற பேரம் எந்தப் பக்கம் என்றால், ‘500 நாற்காலி இல்லை சார், 200தான்’ என்ற பக்கம். முடிவு வந்த 30 நாளுக்குள் இறுதிக் கணக்கு. 2019-ல் ஜெயித்தவர்கள் காட்டிய செலவின் சராசரி, அன்றைய 70 லட்சம் வரம்பில் 73 சதவீதம்தான் என்று தேர்தல் சீர்திருத்தத்துக்காக இயங்கும் ஏடிஆர் அமைப்பு கணக்கிட்டது. ஊர்க்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.

இத்தனை ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் வேட்பாளருக்குச் செலவைக் காட்ட ஒரு காரணம்கூட இல்லை. மறைக்கத்தான் ஆயிரம் காரணம். காட்டினால் காசு வரும் என்று ஒரு வரி சட்டத்தில் சேர்ந்தால், வரம்புக்கு உட்பட்ட பகுதியிலாவது எழுதுகிற பழக்கம் மாறும். வரம்புக்கு மேலே போவது மறைந்தேதான் இருக்கும். அதில் எனக்குக் கனவு எதுவும் இல்லை.

இனி இதன் ஓட்டைகள். முதல் ஓட்டை, பணம் பின்னால் வருகிறது. 95 லட்சம் கையில் இருப்பவன்தான் 57 லட்சம் திரும்ப வாங்க முடியும். கையில் இல்லாதவன் கடன் வாங்க வேண்டும்; தோற்றால் அந்தக் கடன் அவன் தலையில். இதற்குக் கொரியாவில் ஒரு சாமர்த்தியமான வழி கண்டுபிடித்தார்கள். 2010-ல் கியோங்கி மாகாண ஆளுநர் தேர்தலில் நின்ற ரியு சி-மின், ‘எனக்கு நன்கொடை வேண்டாம், கடன் கொடுங்கள், அரசு செலவைத் திருப்பித் தந்ததும் வட்டியோடு தருகிறேன்’ என்று பொதுமக்களிடம் கேட்டார். சில நாட்களிலேயே 400 கோடி வொன்னுக்கு மேல் சேர்ந்துவிட்டது. தேர்தலில் தோற்றார், ஆனால் 15 சதவீதத்தை எளிதாகத் தாண்டியிருந்ததால் பணம் வந்தது. அதன்பிறகு அங்கே அதிபர் தேர்தல் வேட்பாளர்கள்கூட இப்படி ‘ஃபண்ட்’ திரட்டினார்கள். 15 சதவீதம் உறுதி என்று ஊருக்கே தெரிந்த ஆளுக்குத்தான் இப்படிக் கடன் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது ஓட்டை, கோடு. எங்கே கோடு போட்டாலும் அதற்கு ஒரு இழை கீழே ஒருவர் விழுவார். 2022 பிரான்ஸ் அதிபர் தேர்தலில் பழம்பெரும் வலதுசாரிக் கட்சியின் வேட்பாளர் வலேரி பெக்ரெஸ் வாங்கியது 4.78 சதவீதம். 5 சதவீதத்துக்குச் சுமார் 78 ஆயிரம் வாக்குகள் குறைவு. தாண்டியிருந்தால் சுமார் 80 லட்சம் யூரோ வரை திரும்ப வாங்கியிருக்கலாம். தாண்டாததால் சுமார் 8 லட்சம்தான். தன் பெயரில் மட்டும் 50 லட்சம் யூரோ கடன் நிற்கிறது, கொடுத்து உதவுங்கள் என்று மறுநாளே மக்களிடம் கை நீட்டினார். 2025 கொரிய அதிபர் தேர்தலில் லீ ஜுன்-சியோக் 8.34 சதவீதம் வாங்கினார். அங்கே கோடு 10. அவருக்கு ஒரு வொன்கூடக் கிடையாது.

இந்தியாவில் ஆறில் ஒரு பங்கு என்று கோடு போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாடே போதும். 2024-ல் நாம் தமிழர் கட்சி இங்கே ஏறக்குறைய 35 லட்சம் வாக்குகள், 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, வாங்கியது. ஒரு தொகுதியிலும் டெபாசிட் கிடைக்கவில்லை. அந்தக் கட்சியைப் பிடிக்குமா பிடிக்காதா என்பது வேறு விஷயம். 35 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட வேட்பாளர்களுக்குச் சுழியம், எதிரே நின்ற இருவருக்கும் ஆளுக்கு 57 லட்சம் என்றால், அந்த 667 கோடியைச் சீர்திருத்தம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்றாவது ஓட்டை, பொய் பில். கனடாவிலேயே நடந்தது. 2006 தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமை பணத்தை வேட்பாளர்களின் கணக்குக்கு அனுப்பி, உடனே விளம்பரச் செலவு என்று திரும்ப எடுத்துக்கொண்டது. சுமார் 13 லட்சம் டாலர். தேசிய விளம்பரம் தொகுதிச் செலவாக மாறியதால் இரண்டு லாபம்: கட்சி தன் வரம்புக்குள் நின்ற மாதிரி காட்டிக்கொள்ளலாம், வேட்பாளர் 60 சதவீதத்தைத் திரும்பக் கேட்கலாம். தேர்தல் ஆணையம் பணத்தைத் தர மறுத்தது. 2011-ல் கட்சி குற்றத்தை ஒப்புக்கொண்டு 52,000 டாலர் அபராதம் கட்டியது. சரக்கே இல்லாமல் ஜிஎஸ்டி பில் மட்டும் விற்கிற ஆட்கள் இருக்கும் நம் நாட்டில், இந்த வித்தை சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் ஒரு தடுப்பு கைவசம் இருக்கிறது, நிழல் பதிவேடு. இன்று வேட்பாளர் குறைத்து எழுதுவதைப் பிடிக்க அது இருக்கிறது. நாளை கூட்டி எழுதுவதையும் அதே ஏட்டால் பிடிக்கலாம்.

வாக்குக்கு இத்தனை ரூபாய்

பில் எல்லாம் வேண்டாம், வாங்கிய வாக்குக்கு இவ்வளவு என்று கட்சிக்குக் கொடுத்துவிடலாம் என்பது அடுத்த வழி. ஜெர்மனி இதற்கு வந்து சேர்ந்த பாதை சுவாரசியமானது. 1966-ல் அங்குள்ள அரசியலமைப்பு நீதிமன்றம், கட்சிகளுக்குப் பொதுவாக அரசுப் பணம் கொடுக்கக்கூடாது, தேர்தல் செலவை வேண்டுமானால் ஈடுகட்டலாம் என்றது. உடனே 1967 கட்சிச் சட்டத்தில் ‘தேர்தல் செலவு ஈடு’ என்ற பெயரில் பணம் போக ஆரம்பித்தது. 1992-ல் நீதிமன்றமே நிலையை மாற்றிக்கொண்டது. இப்போது கட்சி வாங்கிய வாக்குக்கு ஒரு தொகை, சிறு நன்கொடை ஒவ்வொரு யூரோவுக்கும் ஒரு தொகை. அத்தோடு ஒரு கடிவாளம்: கட்சி தானாகத் திரட்டிய வருமானத்துக்கு மேல் அரசு தராது. மக்களிடம் போய்க் கேட்காத கட்சிக்கு அரசும் கொடுக்காது என்று அர்த்தம்.

இந்தக் கடிவாளத்தையும் சுற்றி வந்தார்கள். 2014-ல் ஏஎஃப்டி கட்சி தங்கம் விற்க ஆரம்பித்தது. விற்ற தொகை முழுக்க வருமானம் என்று கணக்கில் வந்தால் அரசு தரும் தொகையும் ஏறும் அல்லவா! 2015 கடைசியில் சட்டத்தைத் திருத்தி, லாபத்தை மட்டும் சேர்க்கலாம் என்றார்கள்.

நம் கணக்குக்கு வருவோம். 2024-ல் வாக்களித்தவர்கள் சுமார் 64.6 கோடி. வாக்குக்குப் பத்து ரூபாய் என்றால் 646 கோடி. கிட்டத்தட்ட அதே பணம்தான், ஆனால் போகிற இடம் வேறு. பாஜகவுக்கு ஏறக்குறைய 236 கோடி, காங்கிரசுக்கு 137 கோடி. நாம் தமிழருக்கு மூன்றரைக் கோடி. முந்தைய வழியில் சுழியமாக இருந்தது இது. 16.6 சதவீதம் வாங்கியவருக்கும் 16.7 வாங்கியவருக்கும் நடுவே பள்ளம் கிடையாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு சங்கதி இங்கே இருக்கிறது: தேர்தலுக்கு முன்பே தொகுதிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டணி. இங்கே ஒரு கட்சியின் வாக்கு எண்ணிக்கை, அதற்கு ஆதரவு எவ்வளவு என்பதைவிட எத்தனை சீட் கிடைத்தது என்பதைத்தான் காட்டும். இரண்டு சீட்டில் நிற்கிற கட்சிக்குத் தலைமைக் கட்சியின் தொண்டர்களும் ஓட்டுப் போடுகிறார்கள். முப்பது தொகுதியில் அந்தச் சின்னக் கட்சிக்காரர்கள் தலைமைக் கட்சிக்குப் போடுகிறார்கள். ஜெயிக்கிற கூட்டணியில் ஒரு மக்களவை சீட் என்றால் நான்கைந்து லட்சம் வாக்கு. பத்து ரூபாய் வீதம் 40, 50 லட்சம். தொகுதிப் பங்கீட்டுப் பேச்சுவார்த்தையில் ஏற்கெனவே இருக்கிற இழுபறியோடு இதுவும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சின்னம் இன்னொரு சிக்கல். 2021 சட்டமன்றத் தேர்தலில் மதிமுக வேட்பாளர்கள் உதயசூரியனில் நின்றார்கள். 2024-ல் நாமக்கல்லில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சி வேட்பாளரும் உதயசூரியன்தான். ஆணையத்தின் கணக்கில் அதெல்லாம் திமுக வாக்கு. காசும் அறிவாலயத்துக்குத்தான் போகும்.

இன்னொன்று, பணம் தலைமை அலுவலகத்தில் இறங்கும். அங்கிருந்து வேட்பாளருக்கு எவ்வளவு வரும் என்பது தலைவரின் மனநிலையைப் பொறுத்தது. வேட்பாளருக்குத் திருப்பித் தருகிற முறையில் பணம் அவர் பெயருக்கு வரும். தலைமையைக் கும்பிட்டு நிற்க வேண்டியதில்லை. உட்கட்சித் தேர்தல் என்பது பெயருக்கு நடக்கிற நாட்டில் இந்த வித்தியாசம் சின்னதில்லை. சுயேச்சைக்கு இதில் இடமே கிடையாது என்பதையும் மறக்கக்கூடாது.

கனடாவும் 2004 முதல் வாக்குக்கு 1.75 டாலர் என்று கட்சிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. பிரதமர் ஹார்ப்பரின் அரசு அதைப் படிப்படியாகக் குறைத்து 2015-ல் நிறுத்தியது. வேட்பாளருக்கான 60 சதவீதத்தை யாரும் தொடவில்லை.

காசாக வேண்டாம், பொருளாக

இந்திரஜித் குப்தா குழுவின் பட்டியலை இன்று படித்தால் ஒரு காலத்தின் படம் மாதிரி இருக்கும். வண்டிக்குக் குறிப்பிட்ட அளவு பெட்ரோல் அல்லது டீசல், நோட்டீஸ் அடிக்கத் தாள், தபால் தலை, வாக்காளர் பட்டியல் பிரதிகள், ஒலிபெருக்கி, தொலைபேசி வசதி, சாப்பாட்டுப் பொட்டலம். வாக்காளருக்குப் பத்து ரூபாய் வீதம் மத்திய அரசு 600 கோடி, மாநிலங்கள் சேர்ந்து 600 கோடி போட வேண்டும் என்றார்கள். காசாகக் கொடுத்தால் திருடுவார்கள், தாளாகக் கொடுத்தால் நோட்டீஸ்தான் அடிக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு மட்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். சுயேச்சையும் புதுக் கட்சியும் வெளியே.

பட்டியல் பழையதாகிவிட்டது என்பதற்காக இந்த யோசனையை ஒதுக்கிவிடக் கூடாது. ஏற்கெனவே ஓரிடத்தில் இது நடந்து காட்டியிருக்கிறது. முன்பெல்லாம் பூத் சிலிப் கொடுப்பது கட்சிக்காரர்கள் வேலை. அச்சடிக்க ஒரு செலவு, வீடு வீடாகப் போக ஆள் செலவு. ஆள் இல்லாத கட்சிக்கு அதுவே பெரிய பின்னடைவு. சிலிப் கொடுக்கப் போகிற சாக்கில் வேறு கவரும் கைமாறும் என்பது ஊரறிந்த கதை. வாக்காளர் சீட்டை வாக்குச்சாவடி நிலை அலுவலர் மூலம் ஆணையமே கொடுக்க ஆரம்பித்த பிறகு, எந்த வேட்பாளருக்கும் அது அத்தியாவசியச் செலவு இல்லை. ஆல் இந்தியா ரேடியோவிலும் தூர்தர்ஷனிலும் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு இலவச நேரம் இருக்கிறது. யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள்.

பிரான்ஸ் இதில் நன்றாகச் செய்கிறது. வாக்குச்சாவடிகளுக்கு வெளியே அரசே பலகை வைக்கும்; ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரே அளவு இடம், எண் போட்டு. எல்லா வேட்பாளர்களின் அறிக்கையும் ஒரே உறையில் வாக்காளர் வீட்டுக்கு வரும். 2021 பிராந்தியத் தேர்தலில் ஒரு தனியார் விநியோக நிறுவனம் சொதப்பி ஏகப்பட்ட உறைகள் வீடு சேரவில்லை; அது பெரிய ரகளையானது. ரகளை ஆனதே அந்த உறைக்கு அங்கே மதிப்பு இருப்பதால்தான். நம் ஊரில் ஃபிளக்ஸ் கட்டி, சுவர் பிடித்து, ஆட்டோவில் மைக் கட்டித் திரிகிற செலவில் ஒரு பங்கை இப்படிப் பொதுவாக்கிவிடலாம்.

பொருளாகக் கொடுப்பதில் எனக்குப் பெரிதாகப் படுவது, அது தேர்தலுக்கு முன்னால் வந்து சேர்கிறது என்பது. திருப்பித் தருவதும் வாக்குக்குக் கொடுப்பதும் முடிவுக்குப் பிறகுதான். முதல் தடவை நிற்கிற ஆளுக்கு ஒரு போஸ்டர் பலகை, பிறகு வரப்போகிற 15 லட்சத்தைவிட உபயோகமானது.

சிறு நன்கொடைக்கு ஈடாக அரசும் போடுவது

நியூயார்க் நகரத்தில் சிறு நன்கொடைக்கு எட்டு மடங்கு வரை நகராட்சி போடுகிறது. சியாட்டில் நகரம் வாக்காளருக்கே 25 டாலர் சீட்டு நான்கு கொடுத்து, பிடித்த வேட்பாளருக்குக் கொடு என்கிறது. அழகான யோசனைதான். பத்து ரூபாய் நன்கொடையைப் பத்தாயிரம் பெயரில் எழுதத் தெரிந்த நம்மூரில் இதைச் சரிபார்க்க ஒரு தனித் துறையே வேண்டும். அதனால் இதில் நேரம் செலவழிக்கப் போவதில்லை. ஒன்று மட்டும். எதையும் செய்யாமல் இப்படியே விட்டுவிடலாம் என்பவர்கள், அரசு இப்போது ஒன்றும் கொடுக்கவில்லை என்று நினைக்கிறார்கள். கட்சிகளின் வருமானத்துக்கு வருமான வரிச் சட்டத்தில் வரிவிலக்கு இருக்கிறது. பழைய வரி முறையில் 30 சதவீத அடுக்கில் இருப்பவர் கட்சிக்கு ஒரு லட்சம் கொடுத்தால் 30,000 ரூபாய்க்கு மேல் வரி மிச்சம். அந்தத் தொகையை நாம்தான் போடுகிறோம். வரியே கட்டாத கூலிக்காரர் 100 ரூபாய் கொடுத்தால் அதற்கு அரசு பங்கு எதுவும் இல்லை. கனடாவில் முதல் 400 டாலருக்கு 75 சதவீதம் வரிக்கழிவு, அதற்குமேல் விகிதம் குறையும். இங்கே தொகை பெருகப் பெருக அரசின் பங்கும் பெருகுகிறது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

இரண்டைச் சேர்த்து. தேர்தலுக்கு முன்னால் பொருள்: பலகை, ஒரே உறையில் அறிக்கை, உள்ளூர் மண்டபமோ மைதானமோ முறைவைத்து இலவசமாக. மனு ஏற்கப்பட்ட எல்லோருக்கும், சுயேச்சை உட்பட. தேர்தலுக்குப் பின்னால், வேட்பாளர் பெயருக்கே செலவைத் திருப்பித் தருவது. ஆனால் கோடு போட்டு இல்லை, சரிவாக.

சரிவு என்றால் இப்படி. 4 சதவீதத்துக்கு மேல் வாங்கியவருக்கு, அவருடைய வாக்கு சதவீதத்தைப் போல இரண்டு மடங்கு. அந்த சதவீதத்தை அவர் செலவழித்த தொகையில் போடாமல், 95 லட்சம் என்ற வரம்பில் போட வேண்டும். உச்சம் 40 சதவீதம், அதாவது 38 லட்சம். அந்தத் தொகை, தணிக்கையான பில்லில் 80 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. இந்தக் ‘குறைவானது’ விதி ஆஸ்திரேலியாவில் 2019 முதல் இருக்கிறது. அதற்கு முன்பு அங்கே செலவழித்ததைவிட அதிகம் வாங்கி லாபம் பார்க்க முடிந்தது.

போட்டுப் பார்ப்போம். 45 சதவீதம் வாங்கி ஜெயித்தவருக்கு 38 லட்சம். 35 வாங்கித் தோற்றவருக்கும் 38. எட்டு சதவீதம் வாங்கியவருக்கு வரம்பில் 16 சதவீதம், அதாவது 15.2 லட்சம். அவர் 20 லட்சத்தில் பிரச்சாரத்தை முடித்திருந்தால், பெரும்பகுதி திரும்பி வந்துவிடும். 95 லட்சத்தைக் கொட்டி எட்டு சதவீதம் வாங்கியவருக்கும் அதே 15.2 லட்சம்தான். சிக்கனமாக நின்றவருக்குச் சாதகம், கொட்டியவருக்குப் பாதகம். தொகுதியில் முதல் இருவர் 80 சதவீதம் எடுத்துக்கொண்டால் மீதி 20 சதவீதத்துக்கு அதிகபட்சம் 38 லட்சம். மூன்றும் சேர்ந்து 1.14 கோடி. 543 தொகுதிக்கு 619 கோடி. மும்முனை, நான்குமுனை என்றால் கூடும். கோடு போட்டு இருவருக்கு மட்டும் 667 கோடி கொடுப்பதோடு ஒப்பிட்டால் எனக்கு இது சரியாகப் படுகிறது.

பில்லுக்கு நிபந்தனை வேண்டும். வங்கி வழியாகப் போன செலவு மட்டும் கணக்கில் வரும். பிரியாணியும் பட்டாசும் வராது. அச்சு, வண்டி, விளம்பரம், பூத் ஏஜென்ட் சாப்பாடு, அலுவலக வாடகை, அவ்வளவுதான். நிழல் பதிவேட்டுக்கும் பில்லுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால், கூடினாலும் சரி குறைந்தாலும் சரி, முழுத் தொகையும் கிடையாது. பிரான்சில் அப்போதைய அதிபர் சர்க்கோசி 2012 தேர்தலில் வரம்பை மீறியதற்காக அவருடைய கணக்கையே நிராகரித்து, வர வேண்டிய ஒரு கோடி யூரோவுக்கு மேலான தொகையை நிறுத்திவிட்டார்கள். கட்சி ஊர் ஊராக வசூல் செய்து அந்தக் கடனை அடைத்தது. அப்படி ஒரு பயம் இருந்தால்தான் பதிவேடு பேசும்.

இவ்வளவும் ஒரு விஷயம் நடந்தால்தான். கட்சிகளின் செலவுக்கு வரம்பு வேண்டும். இன்று வேட்பாளருக்கு மட்டும்தான் வரம்பு, கட்சிக்கு இல்லை. நட்சத்திரப் பேச்சாளரின் ஹெலிகாப்டர் வேட்பாளர் கணக்கில் வராது, வேட்பாளர் பெயர் சொல்லாத விளம்பரமும் வராது. 1974-ல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்சி செய்யும் செலவையும் வேட்பாளர் தலையில் எழுது என்றது. அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தத் தீர்ப்பைச் செல்லாக்காசாக்கியது. 2003-ல் அந்தச் சலுகையைக் கொஞ்சம் சுருக்கினார்கள், ஓட்டை அப்படியே. இதை அடைக்காமல் 619 கோடி கொடுத்தால், தேர்தல் ஆணையம் சொன்னது போல, இருக்கிற பணத்தோடு இது கூடுதல் பணம், அவ்வளவுதான்.

ஓட்டுக்குப் பணம் கொடுப்பதை இது நிறுத்துமா என்று கேட்பார்கள். நிறுத்தாது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-ல் ஆர்.கே. நகர், 2019-ல் வேலூர் என்று தேர்தலையே நிறுத்திப் பார்த்தாகிவிட்டது. பட்டுவாடாவுக்கு எந்த நாட்டிலும் பில் கிடையாது. அதைப் பிடிப்பது பறக்கும் படையின் வேலை. இந்தத் திட்டத்தின் வேலை, பட்டுவாடா செய்யாத ஆளும் தேர்தலில் நின்று கடன்காரனாகாமல் வீடு திரும்ப முடியுமா என்பது மட்டும்தான்.

நடைமுறையில் தடை எங்கே வரும் என்றால், நாடாளுமன்றத்திலேயே. இதை முடிவு செய்யப் போகிற 543 பேரும் எங்கே கோடு போட்டாலும் அதற்கு மேலே இருப்பவர்கள். அவர்களுக்கு ஆறில் ஒரு பங்குக் கோடுதான் வசதி. அதனால் நேராக மக்களவையில் தொடங்கச் சொல்ல மாட்டேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, சட்டமன்ற இடைத்தேர்தல்களில் பார்க்கலாம். அங்கே வரம்பு 40 லட்சம். இதே சரிவில் இருமுனைப் போட்டி என்றால் ஒரு தொகுதிக்கு 48 லட்சத்தோடு முடிந்துவிடும். இடைத்தேர்தலில்தான் பணம் ஆறாக ஓடும், அங்கே சோதித்து என்ன பயன் என்று கேட்கலாம். அதனால்தான் அங்கே. மூன்றாவது, நான்காவது இடத்தில் வருகிறவர்கள் ஒழுங்கான பதிவேட்டோடு பணம் கேட்டு வருகிறார்களா, முதல் இரண்டு பேரின் பில்லுக்கும் நிழல் பதிவேட்டுக்கும் தூரம் குறைகிறதா என்ற இரண்டு கேள்விக்கும் நான்கைந்து இடைத்தேர்தலிலேயே பதில் கிடைத்துவிடும்.